சவர்க்காரம் அடித்தும் பத்தாம் நாள் திரும்பி வரும் சிவப்புச் சிலந்தி

பந்தலடி (பண்டாரவளை) – வெள்ளி, மாலை 6.10

கச்சான் காற்று தொடங்கி மூன்று கிழமையாகிறது. மழை இல்லை, மண் பொடியாய்ப் பறக்கிறது. இந்த நேரத்தில் ஊவாப் பக்கம் எல்லாருக்கும் வரும் சிவப்புச் சிலந்திப் பிரச்சினைதான் (வலை பின்னும் வீட்டுச் சிலந்தி அல்ல, இலைச்சாறு குடிக்கும் சிற்றுண்ணி) என்பதால் விபரமாகவே போடுகிறேன்.

பந்தலில் போஞ்சி, சுவரோரம் இரண்டு ரோசா, இஸ்தோப்பில் தொட்டியில் ஒரு அரிக்கா பனை, ஒரு கலாத்தியா. நாலிலும் ஒரே அடையாளம். இலையின் மேலே ஊசியால் குத்தினது போல வெளிறிய புள்ளிகள். போஞ்சியின் அடி இலைகள் சாம்பல் கலந்த மஞ்சளாகிவிட்டன. ரோசாவில் காம்பும் இலையும் சேரும் கவட்டில் மெல்லிய நூல்.

பாத்திரம் கழுவும் திரவ சவர்க்காரம், லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி. ஞாயிறும் திங்களும் அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தாயிற்று. செவ்வாய் அன்று வெள்ளைத் தாளில் இலையைத் தட்டினால் ஒன்றும் நகரவில்லை. பத்தாம் நாள் தட்டினால் தாள் முழுக்கப் பொடிப்பொடியாய் நகர்கிறது. மருந்து போதாதா, அல்லது அடித்த முறை பிழையா? போஞ்சி இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்கிறது, அதனால் கடை மருந்து வேண்டாம்.


ஏட்டுக்கணக்கு (தலவாக்கலை) – வெள்ளி, இரவு 8.25

மருந்தும் அளவும் சரி. நாள்தான் பிழை.

சவர்க்காரம் நகர்கிற சிலந்தியைத்தான் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. அது இலையில் ஈரமாக இருக்கும் வரைதான் வேலை செய்யும், காய்ந்தபின் அதில் வலு இல்லை. ஞாயிறு அடித்ததில் நகர்ந்தவை செத்தன. திங்கள் அடித்தபோது சாவதற்கு அநேகமாக எதுவும் இல்லை, மிச்சம் இருந்தது முட்டை மட்டும். அவை அடுத்த ஏழு நாளில் ஒவ்வொன்றாகப் பொரித்துவிட்டன. பத்தாம் நாள் தாளில் கண்டது அந்தக் குஞ்சுகளைத்தான்.

பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம், அங்கே சராசரி வெப்பம் 20 பாகைக்குப் பக்கம். அந்த வெப்பத்தில் முட்டை பொரிக்க 6, 7 நாள். பொரித்தது வளர்ந்து தானே முட்டையிட இன்னும் 10 நாள் அளவில். கண்டியில் 25 பாகை என்றால் முட்டைக்கு 4, 5 நாள், மொத்தமும் பத்து நாளுக்குள் முடிந்துவிடும். 30 பாகையில் ஒரு கிழமையிலேயே ஒரு தலைமுறை. நுவரெலியாவில் வெளியே 16 பாகை அளவில் எல்லாம் மெதுவாக நடக்கும், முட்டைக்கே பத்து நாள் போகலாம்.

ஆகவே அடிக்கும் நாளை இப்படிப் பிடியுங்கள்: பொரித்தது முட்டையிடும் பருவத்துக்கு வருமுன் அடுத்த அடி விழ வேண்டும், கடைசி முட்டை பொரிக்கும் வரை அடி தொடர வேண்டும். பண்டாரவளை, ஹட்டன், தலவாக்கலை உயரத்துக்கு 6 நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. கண்டி, பதுளைக்கு 4 நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. நுவரெலியாவில் வெளியில் நிற்கும் செடிக்கு 8 நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. மூன்றாவது அடிக்குப் பிறகு தாள் சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நாலாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து விடாதீர்கள்.


டனல்காரன் (வெலிமடை) – வெள்ளி, இரவு 9.02

மேலே சொன்ன கணக்கு வெளிக்குச் சரி. பொலித்தீன் போர்த்திய பயிர்க்கூடாரமான டனலுக்குள் ஊர் வெப்பத்தைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. வெளியே 22 என்றாலும் உள்ளே மதியம் 35 போகும், ராத்திரி குளிரும். டனலுக்கு 5 நாள் என்று வையுங்கள், எந்த ஊராக இருந்தாலும்.

தகரக் கூரை இஸ்தோப்பும் இதே கதிதான். மழை படாது, கூரைச் சூடு நேரே இறங்கும், ரோட்டுத் தூசு இலையில் படியும். சிலந்திக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அரிக்காவையும் கலாத்தியாவையும் 5 நாள் கணக்கில் எடுங்கள்.


ஜெரேனியம் (நுவரெலியா) – வெள்ளி, இரவு 9.40

பந்தலடி, இலையின் எந்தப் பக்கம் அடித்தீர்கள் என்று எழுதவில்லையே? அதுதான் முதல் கேள்வி. இது இலையின் அடியில் இருக்கிற ஜீவன். மேலே நனைத்தால் ஒரு பயனும் இல்லை.

தொட்டிச் செடிக்கு அடிப்பதைவிட முக்குவது நல்லது. பெரிய வாளியில் 10 லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 50 மில்லி திரவ சவர்க்காரம். தொட்டி வாயை ஒரு சொப்பிங் பேக்கால் மூடி, தண்டைச் சுற்றிக் கட்டுங்கள், மண் கொட்டாது. செடியைத் தலைகீழாகப் பிடித்து ஒரு நிமிடம் தண்ணீருக்குள் மெல்ல ஆட்டுங்கள். வெளியே எடுத்து நிழலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். கலாத்தியாவுக்கு இந்தக் கழுவல் கட்டாயம், சவர்க்காரம் தங்கினால் இலை விளிம்பு கருகும். அரிக்கா வாளிக்குள் அடங்காது. அதை வெளியே சாய்த்துப் படுக்கவைத்து, ஒவ்வொரு ஓலையின் அடியையும் ஈரத்துணியால் காம்பிலிருந்து நுனிப்பக்கம் இழுத்துத் துடையுங்கள். துணியை ஓலைக்கு ஓலை அலசுங்கள். அலசாவிட்டால் ஒரு ஓலையில் இருப்பதை மற்ற ஓலையில் நீங்களே பூசிவிடுவீர்கள்.

எல்லாச் செடிக்கும் சவர்க்காரம் ஒத்துவராது. இங்கே வீட்டுக்கு வீடு நிற்கிற பியூஷியா, பிகோனியா, மெல்லிலைப் பன்னம் இவை சுட்டுப்போகும். முதலில் இரண்டு இலையில் தடவி 48 மணி நேரம் பாருங்கள். பன்னத்துக்கு வெறும் தண்ணீர்தான். ஆபிரிக்கன் வயலெட்டில் குளிர்ந்த பீலித்தண்ணீர் பட்டால் இலையில் வெள்ளை வளையம் விழும், அறைச் சூட்டுத் தண்ணீரையே எடுங்கள்.


கொழுந்துமலை (ஹட்டன்) – சனி, காலை 6.50

ஜெரேனியம் அக்கா சொன்ன அடிப்பக்கம் விஷயத்துக்கு ஒரு சேர்க்கை. தோட்டத்தில் வேலை பார்த்த பலர் வீட்டுச் செடியில் இதைத் தவறவிடுவதற்குக் காரணம் உண்டு.

தேயிலையில் வருகிற சிவப்புச் சிலந்தி வேறு இனம், ஒலிகோநைக்கஸ் கொஃபியே. அது முற்றின இலையின் மேற்பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கும், இலை செம்பு நிறமாகும். ரோட்டோரம் தூசு படிந்த வரிசை, நிழல் மரம் இல்லாத இடம், இவை முதலில் பிடிக்கும். அந்தப் பழக்கத்தில் ரோசாவையும் மேலே பார்த்துவிட்டு ‘பூச்சி இல்லை’ என்று போய்விடுகிறோம். போஞ்சியிலும் ரோசாவிலும் வருவது பெரும்பாலும் டெட்ரனிக்கஸ் உர்டிகே, அது இலைக்கு அடியில்.

பெயரை நம்பிச் சிவப்பைத் தேடவும் வேண்டாம். உர்டிகே பெரும்பாலும் மங்கலான மஞ்சள் பச்சை, உடம்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளி. அரை மில்லிமீட்டர் நீளம். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையை இலை நரம்போரம் வைத்தால், வேகவைத்த சவ்வரிசி மாதிரி உருண்டையாய், கண்ணாடி போலத் தெரிகிறது முட்டை. பக்கத்தில் வெள்ளைத் தூள் போலக் கிடப்பது கழற்றிப் போட்ட தோல். தோல் மட்டும் இருந்து முட்டையும் ஆளும் இல்லையென்றால் அது பழைய தாக்கம், மருந்து தேவையில்லை. ஒருமுறை வெளிறிய புள்ளி மறுபடி பச்சையாகாது, அதனால் பழைய இலையைப் பார்த்து ‘இன்னும் குணமாகவில்லை’ என்று அடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. புதுத் தளிரைப் பாருங்கள்.


மண்வெட்டி (பதுளை) – சனி, காலை 8.15

இங்கே கத்தரிக்கும் மிளகாய்க்கும் அடுப்புச் சாம்பல் தூவுவது வழக்கம். செலவில்லை. சாம்பலுக்குக் கேட்காவிட்டால் வெள்ளை ஈக்கும் பனிப்பூச்சிக்கும் (த்ரிப்ஸ்) அடிக்கிற இமிடாக்ளோபிரிட்டைக் கொஞ்சம் அடித்தால் தீர்ந்துவிடாதா? கடையிலும் அதைத்தான் எடுத்துத் தருகிறார்கள்.


ஏட்டுக்கணக்கு (தலவாக்கலை) – சனி, காலை 9.30

மண்வெட்டி தம்பி, இரண்டும் எதிர்விளைவு தரும். கோபிக்காமல் கேளுங்கள், இந்த இரண்டாலும்தான் மலைநாட்டில் பாதித் தோட்டம் சிலந்தியிடம் போகிறது.

சிலந்திக்கு எட்டுக் கால். பூச்சியே அல்ல அது. இமிடாக்ளோபிரிட் பூச்சியின் மருந்து, சிலந்தியைக் கொல்லாது. சிலந்தியைத் தின்னுகிற பூச்சிகளைக் கொல்லும். அதோடு அந்த மருந்து ஏறிய செடியில் சிலந்தி கூடுதலாக முட்டையிடுவதும் ஆய்வுகளில் கண்ட விஷயம். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ரொயிட் வகைகளும் அப்படித்தான், அடித்து இரண்டு மூன்று கிழமையில் சிலந்தி முன்னைவிடப் பெருகி நிற்கும். கடைக்காரரிடம் ‘பூச்சி மருந்து’ என்று கேட்டால் பூச்சி மருந்துதான் வரும். ‘மைட்டாவுக்கு’ என்று கேளுங்கள். சிங்களத்தில் மைட்டாவா என்றால் எந்த உரக்கடையிலும் விளங்கும். இல்லையென்றால் ஒரு இலையைப் பொலித்தீனில் கட்டி எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குப் பேசினாலும் பதில் கிடைக்கும்.

சாம்பல் என்பது தூசு. ரோட்டோரத் தேயிலைக்கு நடப்பதை நீங்கள் கையால் செய்கிறீர்கள். தூசு படிந்த இலையில் சிலந்தியைத் தின்னும் உயிர்கள் நடமாட மாட்டா, சிலந்தி மட்டும் நிம்மதியாக இருக்கும். சாம்பலை மண்ணில் போடுங்கள், இலையில் வேண்டாம்.


மண்வெட்டி (பதுளை) – சனி, காலை 10.05

விளங்கியது ஐயா. மிளகாயில் நுனி இலை சுருண்டு நிற்கிறது, நூல் இல்லை, புள்ளியும் இல்லை. அதுவும் இதேதானா?


டனல்காரன் (வெலிமடை) – சனி, காலை 11.20

இல்லை. சுருள்கிற திசையைப் பாருங்கள். இலை விளிம்பு மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, தளிர் தடித்து இறுகினால் மஞ்சள் சிற்றுண்ணி. தேயிலைக் கொழுந்தில் வருகிற அதே இனம்தான். அது கண்ணுக்கே தெரியாது, நூல் கட்டாது, முற்றின இலையில் இருக்காது, தளிரில் மட்டும். நுனி மூன்று அங்குலத்தைக் கிள்ளிப் பொலித்தீனில் போட்டுவிட்டு நனையும் கந்தகம் அடியுங்கள். 80 சதவீதத் தூள், லீட்டருக்கு 2 முதல் 3 கிராம். 7 நாள் விட்டு இன்னொன்று. தளிருக்குள் நன்றாக இறங்க வேண்டும்.


கொழுந்துமலை (ஹட்டன்) – சனி, மதியம் 12.40

கந்தகத்தில் கவனிக்க வேண்டியவை உண்டு. பதுளையில் மதிய வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும், 30 பாகைக்கு மேல் அடிக்கவே கூடாது. நுவரெலியாவில் நேர் எதிர். கந்தகம் ஆவியாகித்தான் முக்கால்வாசி வேலை செய்கிறது, குளிரில் ஆவி எழும்பாது. 18 பாகைக்குக் கீழே அடிப்பது காசுக்கு நட்டம். அங்கே வெயில் ஏறுகிற காலை ஒன்பதரை, பத்து மணிதான் நேரம். பூசணி, வெள்ளரிக் குடும்பத்துக்கு வேண்டாம், கருகும்.

வேப்பெண்ணெயோ சமையல் எண்ணெயோ அடித்த செடியில் குறைந்தது இரண்டு கிழமை கந்தகம் படக் கூடாது, கந்தகம் அடித்ததில் எண்ணெயும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் இலை முழுக்க உதிரும். எதை என்றைக்கு அடித்தோம் என்று கலண்டரில் எழுதி வைப்பது இதற்காகத்தான்.

தேயிலை வேலிக்குப் பக்கத்தில் மரக்கறி வைத்திருப்பவர்கள் எதையும் தேயிலைப் பக்கம் காற்றில் பறக்க விடாதீர்கள். தேயிலையில் எதை அடிக்கலாம் என்று தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் தனிப் பரிந்துரை உண்டு, தூளில் எச்சம் சோதிப்பார்கள்.


பந்தலடி (பண்டாரவளை) – சனி, மாலை 5.30

நன்றி. அடித்தது மேலே மேலேதான், அடியில் பாதிகூட நனைந்திருக்காது. இரண்டு கேள்வி மிச்சம். வேப்பெண்ணெய் முட்டையையும் கொல்லுமா? போத்தலில் நெய் மாதிரி உறைந்து கிடக்கிறது, கெட்டுவிட்டதா? பார் சவர்க்காரம் சீவிப் போட்டால் சரிவருமா?


ஜெரேனியம் (நுவரெலியா) – சனி, மாலை 6.45

கெடவில்லை. வேப்பெண்ணெய் குளிரில் உறையும். கீழ்நாட்டில் எழுதின குறிப்பில் இது இருக்காது. உறைந்ததை அப்படியே தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாக மிதந்து, குழாய் முனை அடைத்து, கடைசித் தண்ணீரில் எண்ணெய் முழுக்க ஒரே செடியில் விழும். அந்தச் செடி போய்விடும்.

போத்தலைக் கை பொறுக்கிற சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கொதிநீர் வேண்டாம். ஒரு கோப்பையில் 5 மில்லி எண்ணெய், 2 மில்லி திரவ சவர்க்காரம். இரண்டையும் தண்ணீர் இல்லாமல் முதலில் கலக்குங்கள், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 1 லீட்டராக்குங்கள். பால் மாதிரி வெண்மையாக வந்தால் சரி. மேலே எண்ணெய் வளையம் நின்றால் இன்னும் அரைத் தேக்கரண்டி சவர்க்காரம். கலந்ததை அன்றைக்கே முடியுங்கள், நாளைக்கு வைத்தால் பயனில்லை. அடிக்கிறபோது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்குங்கள்.

முட்டை விஷயம்: எண்ணெய் படலம் முட்டையைச் சுற்றிக் காற்றை அடைக்கும், அதனால் படுகிற முட்டையில் ஒரு பங்கு சாகும். சவர்க்காரத்தைவிட அதுதான் இதில் லாபம். வேப்பெண்ணெய் கிடைக்காவிட்டால் சமையல் எண்ணெய் 10 மில்லி, திரவ சவர்க்காரம் 5 மில்லி, தண்ணீர் 1 லீட்டர். வேலை அதே படல வேலை. ஆனால் எண்ணெயைப் பூவில் அடிக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் செடியிலும் அடிக்காதீர்கள். முதல் நாள் மாலை வேருக்குத் தண்ணீர், மறுநாள் எண்ணெய்.

பார் சவர்க்காரம் 10 கிராம் சீவல், கால் லீட்டர் சுடுதண்ணீரில் கரைத்து 1 லீட்டராக்கி, துணியில் வடித்து, சூடு ஆறாமல் இளஞ்சூட்டிலேயே அடியுங்கள். ஆறினால் கஞ்சி மாதிரி இறுகும். உடுப்புத் தோய்க்கிற தூள் மட்டும் வேண்டாம், அதிலுள்ள காரம் இலையைச் சுடும். சவர்க்காரம் கலந்ததும் தண்ணீரில் தயிர் திரிந்தது போல வந்தால் தண்ணீர் கடினம், மழைத் தண்ணீர் எடுங்கள்.


ஏட்டுக்கணக்கு (தலவாக்கலை) – சனி, இரவு 8.10

போஞ்சிக்கு ஒரு ஒழுங்கு சொல்கிறேன். மருந்துக்கு முன் கத்தி. மஞ்சளான அடி இலைகளை, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை, காம்போடு எடுத்துவிடுங்கள். சிலந்தி கீழிருந்து மேலே ஏறும், பாதிக் கூட்டம் அந்த இலைகளில்தான் இருக்கும். பிடுங்கியதைக் கையோடு பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். பாத்தியில் போட்டால் இலை வாடும்போது நடந்து அடுத்த செடிக்குப் போகும். எருக்குழியும் வேண்டாம். எரியுங்கள், இல்லையென்றால் ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள்.

அடுத்தது தண்ணீர். குழாய் வாயில் பெருவிரலை வைத்து அழுத்தி, கீழிருந்து மேல்நோக்கி, இலையடியில் படும்படி பீச்சுங்கள். நூல் அறுந்து முக்கால்வாசி ஆள் கீழே விழுந்துவிடும், விழுந்ததில் மிகச் சிலதான் திரும்பி ஏறும். நூல் இருக்கிற செடியில் தண்ணீர் பீச்சாமல் நேரே சவர்க்காரம் அடித்தால் துளி நூலில் தங்கி நின்றுவிடும், இலையில் படாது. தண்ணீர் வடிந்தபின் சவர்க்காரம். காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில் செய்தால் பொழுது சாயுமுன் இலை காயும். மாலையில் நனைத்துக் குளிரில் விட்டால் சிலந்தி போய் பூஞ்சணம் வரும்.

கையால் பனி போலத் தண்ணீர் தெளித்து ஈரப்பதம் கூட்டலாம் என்று பலர் எழுதுகிறார்கள். கச்சான் காற்றில் அந்த ஈரம் ஐந்து நிமிடம் நிற்காது. வேருக்குத் தண்ணீர் குறையாமல் பார்ப்பது அதைவிட மேல், வாடிய செடியில்தான் சிலந்தி வேகமாகப் பெருகும். யூரியாவையும் இந்த மாதத்தில் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடிய மென்மையான இலை அதற்கு விருந்து.

போஞ்சி முடிந்து கொடியை எடுக்கும்போது கம்பையும் கயிற்றையும் மறந்துவிடாதீர்கள். பட்டை உரிந்த கம்பின் இடுக்கில் ஒளிந்திருக்கும். கம்பை வெயிலில் விரித்துக் காயவிட்டு சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தபின் அடுத்த போகத்துக்கு எடுங்கள். சணல் கயிற்றை எரித்துவிடலாம்.


டனல்காரன் (வெலிமடை) – ஞாயிறு, காலை 7.15

டனலில் ஸ்ட்ரோபெரி, கார்னேஷன், குடைமிளகாய் போடுகிறவர்களுக்கு. இங்கே சவர்க்காரத்தால் மட்டும் சமாளிக்க முடியாத நிலை வரும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். கதவோரம், வெயில் விழும் ஓரம், தண்ணீர் சொட்டுக்குழாய் அடைபட்ட வரிசை. மூன்று நாளுக்கு ஒருமுறை வரிசைக்குப் பத்து இலை திருப்பிப் பாருங்கள். கண்ட செடியில் சிவப்பு ரிப்பன். ரிப்பன் கட்டின செடியையும் அதைச் சுற்றி இரண்டு மீட்டரையும் மட்டும் முதலில் அடியுங்கள். முழு டனலையும் நனைக்க வேண்டியதில்லை. ரிப்பன் வரிசையில் வேலையைக் கடைசியில் வையுங்கள். சேட்டும் கையும் கத்திரிக்கோலும்தான் அதைக் காவிக்கொண்டு போகும் வாகனம்.

கடை மருந்து தேவையென்றால் அபாமெக்டின். இலைக்குள் ஊடுருவி அடிப்பக்கத்துக்கும் போகும். வெயிலில் இலைமேல் இருக்கிற மருந்து சீக்கிரம் சிதையும், அதனால் மாலை நாலு மணி. முட்டையை அதுவும் கொல்லாது. முட்டைக்கு ஹெக்சிதையசொக்ஸ் உண்டு, அது முட்டையையும் குஞ்சையும் பிடிக்கும், வளர்ந்ததைச் சாகடிக்காது. நிறையக் கூடிவிட்ட பின் அதை மட்டும் அடித்துவிட்டு ‘மருந்து போலி’ என்று கடையோடு சண்டை போடுகிறார்கள். பிழை மருந்தில் இல்லை.

ஒரே மருந்தை மூன்றாம் முறை அடிக்காதீர்கள். ஒரு பெட்டைச் சிலந்தி இணை சேராமலே முட்டையிடும், அதெல்லாம் ஆணாகப் பொரிக்கும், பிறகு அந்த ஆணோடு சேர்ந்து மறுபடி பெருகும். மருந்துக்குத் தப்பின ஒன்றே ஒன்று போதும், ஒரு மாதத்தில் டனல் முழுக்க அதன் வம்சம். லேபலில் வேறு பெயர் இருந்தாலும் உள்ளே அதே மூலப்பொருள் இருக்கலாம், சின்ன எழுத்தை வாசியுங்கள். அளவும் லேபலில் உள்ளதுதான், கூட்டினால் இலை சுடும், குறைத்தால் சிலந்தி பழகிவிடும். உங்கள் பயிரின் பெயர் லேபலில் இல்லையென்றால் அந்தப் பயிருக்கு அடிக்காதீர்கள். அறுவடைக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். ஸ்ட்ரோபெரியைப் பிள்ளைகள் கழுவாமல் வாயில் போடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அபாமெக்டின் மீனுக்கும் தேனீக்கும் கடும் நஞ்சு. டாங்கியைப் பீலியிலோ ஓடையிலோ கழுவாதீர்கள். நம்முடைய ஓடைதான் கீழ் லயத்துக்காரர் குடிக்கிற தண்ணீர். மூன்று முறை அலசி, அலசின தண்ணீரை மருந்து அடித்த வரிசையிலேயே ஊற்றுங்கள்.


ஜெரேனியம் (நுவரெலியா) – ஞாயிறு, காலை 9.00

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் பூச்செடி வாங்கிக் கண்டிக்கும் பதுளைக்கும் கொண்டுபோகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது. இங்கே குளிரில் சிலந்தி பத்துப் பேராக ஒளிந்திருக்கும், செடி பார்க்க அழகாக இருக்கும். 500 மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் மூன்று கிழமையில் அது நூறாகும். புதுச்செடியை மற்றச் செடிகளிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, மூன்று கிழமை தனியே வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை தாள் தட்டல். வாங்கும்போதே நடு இலை ஒன்றைத் திருப்பி நரம்போரம் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மண் மாற்றுவது தேவையில்லை. சிலந்தி மண்ணில் குடியிருப்பதில்லை. தொட்டி விளிம்பையும் முட்டுக்கொடுத்த குச்சியையும் துடைத்தால் போதும்.


பந்தலடி (பண்டாரவளை) – ஞாயிறு, மாலை 4.20

அடி இலை எடுத்து, தண்ணீர் பீச்சி, சவர்க்காரம் அடியில் படும்படி முதல் சுற்று முடிந்தது. போஞ்சிக்கு அடுத்தது சனிக்கிழமை, தொட்டிகளுக்கு வெள்ளி.

ரோசாவை இன்னும் தொடவில்லை. கைவில்லையில் பார்த்தபோது மூன்று இலையில் வேறு ஒன்று தெரிகிறது. கடுகைவிடச் சின்னதாய், பளபளக்கும் கறுப்பு, மேலே மெல்லிய மயிர், வண்டு மாதிரி. பக்கத்தில் மெதுவாக நகரும் சாம்பல் நிறப் புழு. இன்னொன்று சிலந்தி அளவிலேயே இருக்கிறது, ஆனால் பேரிக்காய் வடிவம், இளம் செம்மஞ்சள், ஓடுகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இதுவும் அழிக்க வேண்டியதா?


கொழுந்துமலை (ஹட்டன்) – ஞாயிறு, மாலை 5.05

கையை எடுங்கள், ரோசாவில் ஒன்றும் அடிக்காதீர்கள்!

கறுப்பு வண்டு ஸ்டெதோரஸ், பொறிவண்டுக் குடும்பம், சிலந்திதான் அதன் சாப்பாடு. சாம்பல் புழு அதன் குஞ்சு. வேகமாக ஓடுவது இரைபிடிக்கும் சிற்றுண்ணி. சிலந்தி சோம்பேறி, தன் நூலுக்குள் மெதுவாக நகரும். ஓடுவதெல்லாம் பெரும்பாலும் நம் பக்கம். சவர்க்காரம் இவற்றையும் கொல்லும், கந்தகமும் அப்படித்தான்.

ரோசாவுக்கு இந்தக் கிழமை வேர்த்தண்ணீர் மட்டும். வியாழன் அன்று அதே மூன்று இலையை மறுபடி வில்லையில் பாருங்கள். முட்டை குறைந்து, சுருங்கின வெற்றுத் தோல் கூடியிருந்தால் அவை வேலை செய்கின்றன, அப்படியே விடுங்கள். முட்டை கூடி, தளிரிலும் நூல் ஏறியிருந்தால் வண்டு இல்லாத கிளைகளை மட்டும் சவர்க்காரத் துணியால் துடையுங்கள்.

அந்த மூன்று இலையை வெட்ட வேண்டாம். முடிந்தால் ஒன்றைக் காம்போடு கிள்ளி, போஞ்சியில் நீங்கள் இன்னும் அடிக்காத மூலையில், நூல் இருக்கும் இலைக்கு மேலே செருகி வையுங்கள். அந்த மூலைக்குச் சனிக்கிழமையும் சவர்க்காரம் வேண்டாம்.


பந்தலடி (பண்டாரவளை) – ஞாயிறு, மாலை 5.40

சரி அண்ணா. பந்தலின் கிழக்கு மூலை, இரண்டு கொடி இன்னும் நனையவில்லை. அங்கே செருகுகிறேன். வியாழன் இலையைப் பார்த்து எண்ணிக்கையைப் போடுகிறேன்.